இரண்டு பெண்களின் சண்டை என்றொரு கதை

தமிழக அரசியல் வரலாற்றைச் சொல்பவர்கள் 1988 ஜனவரிக்கு வந்ததும் குரலை மாற்றிக்கொள்கிறார்கள். அதுவரை கொள்கை, இயக்கம், கூட்டணி, ராஜதந்திரம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு சட்டென்று ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. எம்.ஜி.ஆர் இறந்தார், மனைவியும் கதாநாயகியும் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள், கட்சி உடைந்தது, இரட்டை இலை முடங்கியது. இந்த நான்கு வாக்கியத்தோடு அத்தியாயம் முடிந்துவிடும். அந்த ஜனவரிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த என் மாணவிகளும் இதே நான்கு வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். பாட்டி சொன்னது, அப்பா சொன்னது, யூடியூபில் யாரோ சொன்னது. எதை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள், எதற்கு யார் போட்டியிட்டார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

போட்டி நடந்தது சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு. நம் அரசமைப்புச் சட்டத்தில் முதலமைச்சரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆளுநர் நியமிக்கிறார். யாரை நியமிப்பது? பேரவையில் பெரும்பான்மை உள்ள கட்சியின் உறுப்பினர்கள் கூடி யாரைத் தலைவர் என்கிறார்களோ அவரை. இந்தக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும், ரகசிய வாக்கெடுப்பா, கையெழுத்தா, கைதூக்கலா என்பதற்குச் சட்டம் எதையும் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒரு தாளில் ஒரு பெயர் முன்பே எழுதப்பட்டிருக்கும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டல் எழும், ‘ஏகமனதாக’ என்று அறிக்கை வரும். அந்தக் கைதட்டல் கிடைக்காமல் போகும்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே இருக்கும் நமக்குத் தெரிகிறது.

அப்படித் தெரிந்த மூன்று சந்தர்ப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1954. குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி விலகுகிறார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜர் நிற்கிறார். ராஜாஜியின் ஆதரவோடு சி.சுப்பிரமணியம் நிற்கிறார். காமராஜருக்கு 93 வாக்கு, சுப்பிரமணியத்துக்கு 41. ஆண்டுக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்த கோஷ்டிப் பூசல் அது. சாதிக் கணக்கும் அதில் இருந்தது. ஆனால் நம் நினைவில் அது எப்படிப் பதிந்திருக்கிறது? எதிர்த்து நின்றவரையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்ட காமராஜரின் பெருந்தன்மையாக. பள்ளி மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை அது.

1969. பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைகிறார். நாவலர் நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சர். கட்சியில் இரண்டாம் இடம் அவருடையது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 10 அன்று, பதவியேற்றவர் மு.கருணாநிதி. நாவலர் முதலில் அமைச்சரவையில் சேர மறுத்து ஒதுங்கியிருந்தார். அந்த ஒரு வாரத்தில் யார் யாரைச் சந்தித்தார்கள், எம்.ஜி.ஆர் யார் பக்கம் நின்றார் என்பதையெல்லாம் இன்றுவரை வியப்போடு பேசுகிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாதுரியம், ராஜதந்திரம்.

மூன்றாவது, 1988. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் இரண்டு பெண்களின் சண்டை.

இனி நடந்ததைப் பார்ப்போம். 1987 டிசம்பர் 24 அதிகாலை எம்.ஜி.ஆர் இறந்தார். அன்றே நெடுஞ்செழியன் மறுபடியும் இடைக்கால முதலமைச்சர் ஆனார். வாழ்நாளில் இரண்டு முறை அந்த நாற்காலியில் இடைக்காலமாக உட்கார்ந்து, இரண்டு முறையும் எழுந்துகொடுத்தவர் அவர். இந்த முறை அவருக்கு எதிரே இருந்தவர் ஆர்.எம்.வீரப்பன். எம்.ஜி.ஆரின் படக் கம்பெனி நிர்வாகத்திலிருந்து வந்தவர், சத்யா மூவீஸ் அதிபர், அமைச்சர், கட்சியின் உள்கணக்கு முழுவதும் விரல்நுனியில் வைத்திருந்தவர். ஜெயலலிதா கட்சிக்குள் வளர்வதைத் தொடக்கம் முதலே விரும்பாதவர். போட்டி இந்த இருவருக்கும் இடையிலானது. வீரப்பன் தானே நின்றால் எல்லோரும் பின்னால் வருவார்கள் என்ற உறுதி இல்லை. எனவே ஜானகி அம்மாளை முன்னிறுத்தினார். நெடுஞ்செழியன் பக்கம் சட்டமன்ற உறுப்பினர்கள் குறைவு. கூட்டம் சேர்க்கும் முகம் வேண்டும். அது ஜெயலலிதாவிடம் இருந்தது. அவர் கட்சியின் பொதுச்செயலாளர், நாவலர் சட்டமன்றக் கட்சித் தலைவர் என்பது அந்த அணியின் ஏற்பாடு.

ஆக, 1988 ஜனவரியில் முதலமைச்சர் பதவிக்கு ஜெயலலிதா போட்டியிடவே இல்லை. ஜானகிக்கு எதிரே அணி திரண்ட உறுப்பினர்கள் சட்டமன்றக் கட்சித் தலைவராகச் சொன்ன பெயர் நெடுஞ்செழியன். ‘ஜானகியா, ஜெயலலிதாவா’ என்று நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் கேள்வி அந்தத் தேர்தலில் கேட்கப்படவில்லை. அது பின்னால், கட்சி யாருடையது, சின்னம் யாருடையது, வாக்கு யாருடையது என்று வந்தபோது எழுந்த கேள்வி. வரலாறு சொல்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதில் நடுவே நின்ற இரண்டு ஆண்கள் சத்தமில்லாமல் நழுவிப் போய்விட்டார்கள்.

கிட்டத்தட்ட 97 உறுப்பினர்கள் ஜானகி பக்கம். முப்பது சொச்சம் பேர் எதிர்ப்பக்கம். ஆளுநர் எஸ்.எல்.குரானா ஜானகியை அழைத்தார். 1988 ஜனவரி 7 அன்று வைக்கம் நாராயணி ஜானகி தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் ஆனார். இந்தத் தகவலை வகுப்பில் சொல்லும்போது பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். முதல் பெண் முதலமைச்சர் ஜெயலலிதா என்றுதான் அவர்கள் படித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லையே என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். உண்மைதான். ஜெயலலிதாவும் சட்டமன்றத்தில் இல்லை. 1984 முதல் மாநிலங்களவையில் இருந்தார். ஆனால் 1954இல் காமராஜரும் சட்டமன்றத்தில் இல்லை. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாடாளுமன்றம் போயிருந்தவர். முதலமைச்சர் ஆன பிறகுதான் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். 1967இல் அண்ணா தென்சென்னையின் நாடாளுமன்ற உறுப்பினர். முதலமைச்சர் ஆனதும் மேலவைக்கு வந்தார். 1952இல் ராஜாஜி தேர்தலிலேயே நிற்காமல் நியமனத்தில் மேலவைக்கு வந்தவர். உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 164ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வாசல் ஆண்களுக்கு வழக்கமாகவும் பெண்களுக்குக் குறுக்குவழியாகவும் தெரிவது சட்டத்தின் குற்றம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராஜாஜிக்கும் அண்ணாவுக்கும் திறந்திருந்த மேலவை வாசல் ஜானகிக்குத் திறந்திருக்கவில்லை. 1986இல் எம்.ஜி.ஆர் அரசு மேலவையையே ஒழித்திருந்தது. அதற்கு முன் வந்த சர்ச்சை நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமித்தது பற்றியது. அவர் நொடிப்பு நிலை அறிவிக்கப்பட்டவர் என்பதால் பதவியேற்க முடியாமல் போயிற்று. ஒரு நடிகைக்கு மேலவையா என்று எழுந்த ஏளனம் நினைவில் இருக்கிற அளவுக்கு, அதே மேலவையில் இருந்த எத்தனையோ பணக்கார ஆண்களின் பெயர் யார் நினைவிலும் இல்லை.

ஜானகி யார் என்பதையும் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி நமக்கு மனைவி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வைக்கத்தில் பிறந்தவர். பாபநாசம் சிவனின் உறவு. எம்.ஜி.ஆர் பெரிய நட்சத்திரமாவதற்கு முன்பே ஜானகி கதாநாயகி. ‘மோகினி’, ‘மருதநாட்டு இளவரசி’ இரண்டிலும் எம்.ஜி.ஆரோடு நடித்தார். அண்ணாவின் கதை வசனத்தில் 1949இல் வந்த ‘வேலைக்காரி’யிலும் நடித்திருக்கிறார். தி.மு.க. பிறந்த ஆண்டு அது. ஏற்கெனவே மணமாகி ஒரு மகனுக்குத் தாயான பெண், அந்த உறவிலிருந்து வெளியே வந்து, தான் விரும்பியவரோடு வாழ்ந்து, பின்னர் மணந்துகொண்டார் என்பது 1950களில் சின்ன விஷயம் இல்லை. அதற்குப் பிறகு நடிப்பதை நிறுத்திவிட்டார். 1984இல் எம்.ஜி.ஆர் நோயில் விழுந்து நியூயார்க் ப்ரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தபோது உடனிருந்தவர் அவர். பேச்சு குழறிய ஒரு முதலமைச்சருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் மூன்றாண்டு நின்றவர். இந்த வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் அவருக்கு அரசியல் செயலாளர் என்று பெயர் கொடுத்திருப்போம்.

ஜெயலலிதா 1982இல் கட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டு கொள்கை பரப்புச் செயலாளர். 1984 தேர்தலில் தலைவர் வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தபோது ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர்களில் கூட்டம் கூட்டியவர் அவர். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. 132 இடம் பிடித்தது. ஜானகியின் கோரிக்கை பராமரிப்பிலிருந்து வந்தது, ஜெயலலிதாவினுடையது மேடையிலிருந்து வந்தது என்று சொல்லலாம். இரண்டும் உழைப்பு. ஆனால் ஊர் பார்த்தது உழைப்பை இல்லை. ராஜாஜி மண்டபத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பதை.

அந்த இரண்டு நாள் காட்சியைத் தொலைக்காட்சியிலும் புகைப்படத்திலும் பார்க்காதவர் அன்று தமிழகத்தில் குறைவு. கண்ணாடியும் தொப்பியும் அணிந்து கிடத்தப்பட்ட உடல். தலைமாட்டில் மணிக்கணக்காக நின்ற ஜெயலலிதா. டிசம்பர் 25 அன்று ஊர்வலம் புறப்பட்டபோது பீரங்கி வண்டியில் ஏறப்போன அவர் கீழே தள்ளப்பட்டார். பிணத்தருகே நிற்கும் உரிமை யாருக்கு என்பது நம் ஊரில் சொத்துரிமைக் கேள்வி. பங்காளிகளும் சம்பந்திகளும் மாலை போடும் வரிசையிலேயே பாகப்பிரிவினை தொடங்கிவிடும். கட்சியும் அந்தக் கணத்தில் ஒரு குடும்பச் சொத்தாக மாறிற்று. ஆனால் நெடுஞ்செழியன் உடலுக்கு எந்தப் பக்கம் நின்றார், வீரப்பன் எத்தனை மணி நேரம் நின்றார் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய உரிமைக்கு அந்தச் சாட்சியம் தேவைப்படவில்லை.

திராவிடக் கட்சிகள் தங்களைக் குடும்பமாகவே கற்பனை செய்துகொண்டவை. அண்ணா, தம்பி, உடன்பிறப்பு. அண்ணாவின் கடிதங்கள் தம்பிக்கு எழுதப்பட்டவை. அண்ணனுக்குப் பின் தம்பி என்பது அந்தச் சொற்களிலேயே இருக்கும் வாரிசுமுறை. அந்த வரிசையில் பெண்ணுக்கு இடம் எங்கே? தங்கையாக முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டலாம். தலைமைக்கு வர வேண்டுமென்றால் தம்பி வழியாக வர முடியாது, அண்ணியாகவோ அன்னையாகவோதான் வர வேண்டும். ஜானகி அன்னை ஆக்கப்பட்டார். ஜெயலலிதா ‘புரட்சித் தலைவி’யாகி, பின்னர் ‘அம்மா’ ஆனார். தலைவர் என்பது தமிழில் இருபாலுக்கும் பொதுவான சொல். ‘சட்டமன்றக் கட்சித் தலைவர்’ என்று எந்தப் பெண்ணையும் அப்படியே சொல்லலாம். இருந்தும் தலைவி என்று மாற்றியாக வேண்டியிருந்தது. அகத்திணையில் தலைவி தலைவனோடு சேர்த்தே அறியப்படுபவள். புரட்சித் தலைவர் இல்லாமல் புரட்சித் தலைவி என்ற பட்டத்துக்குப் பொருள் இல்லை.

அன்று ஊர்ப்பேச்சில் புழங்கிய இன்னொரு சொல் சக்களத்தி. ஒருவனுடைய இரண்டு மனைவியர் ஒருவருக்கொருவர் சக்களத்திகள். ஒருத்தியை விரும்பும் இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? தமிழில் சொல் இல்லை. சகலை என்ற சொல் இருக்கிறது. அது அக்காவையும் தங்கையையும் கட்டிய இருவர், ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொள்ளும் உறவு. அகராதி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்போது அரசியல் விமர்சனம் எப்படி நேராக நிற்கும்? பேரவையில் ஆண்கள் கத்தினாலும் ‘குழாயடிச் சண்டை’ என்றுதானே தலையங்கம் எழுதுகிறோம். குடத்தோடு நள்ளிரவில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்களின் சண்டையில் இருந்த நியாயம் பல பேரவைச் சண்டைகளில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரி 28 அன்று ஜானகி பேரவையில் பெரும்பான்மையைக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே கணக்கு முக்கியம். 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்திருந்தது. ஒரு சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது பிளவு, பதவி தப்பும். அதற்குக் குறைந்தால் தாவல், பதவி போகும். 132இல் மூன்றில் ஒரு பங்கு 44. ஜெயலலிதா அணியில் இருந்தது முப்பது சொச்சம். பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன் ஜானகி பக்கம். அறுபதுக்கு மேல் உறுப்பினர் வைத்திருந்த காங்கிரஸ், டெல்லியில் ராஜீவ் காந்தி எடுத்த முடிவின்படி ஜானகிக்கு எதிராகத் திரும்பிற்று. அவை கூடியது. மைக்குகள் பிடுங்கப்பட்டன, உறுப்பினர்கள் அடித்துக்கொண்டார்கள், காவலர்கள் பேரவைக்குள்ளேயே நுழைந்து தடியடி நடத்தினார்கள். அந்த அமளியில் அரசு வென்றதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். ஜனவரி 30 அன்று 356ஆவது பிரிவின்கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. 24 நாள்.

அன்றைக்கு அவைக்குள் மைக்கால் அடித்துக்கொண்டவர்கள் ஆண்கள். அவையை நடத்தியவர் ஆண். காவலர்களை உள்ளே விட்டதும், எதிர்த்து வாக்களிக்கச் சொன்னதும், கலைத்ததும் ஆண்கள். இந்த வரலாற்றில் ஒரு பெயர் இரண்டு பெண்களின் சண்டை என்று நிலைத்திருக்கிறது. ஜெயலலிதா அன்று அவை உறுப்பினரே இல்லை என்பதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. 1963இல் உத்தரப் பிரதேசத்தில் சி.பி.குப்தா காமராஜர் திட்டத்தின்படி பதவி விலக நேர்ந்தபோது, கமலாபதி திரிபாதி வந்துவிடக் கூடாதென்று குப்தா அணி முன்னிறுத்திய பெயர் சுசேதா கிருபளானி. இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் அப்படித்தான் வந்தார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்ததும் மொரார்ஜி தேசாயைத் தடுக்க காமராஜரும் மற்ற மூத்தவர்களும் இந்திராவை நிறுத்தினார்கள். ஜனவரி 19 வாக்கெடுப்பில் இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. அவரை ஊமைப் பொம்மை என்றார் லோகியா. 1960இல் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா, கணவர் கொலையுண்ட பிறகு கட்சியை நடத்த அழைக்கப்பட்டு, கீழவையில் இடமில்லாமலே, செனட் வழியாக உலகின் முதல் பெண் பிரதமர் ஆனார். அழும் விதவை என்று கேலி செய்தார்கள். 1997இல் பீகாரில் லாலு பிரசாத் சிறைக்குப் போக நேர்ந்தபோது ராப்ரி தேவி.

இரண்டு ஆண் கோஷ்டிகள் சம பலத்தில் முட்டிக்கொள்ளும்போதோ, ஓர் ஆண் நாற்காலியைத் தற்காலிகமாக விட்டுப்போக வேண்டியிருக்கும்போதோ ஒரு பெண்ணின் பெயர் சொல்லப்படுகிறது. இவளால் ஆபத்தில்லை, சொன்னபடி கேட்பாள், பிறகு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கைச் சுசேதா ஒருவிதமாகவும் இந்திரா வேறுவிதமாகவும் பொய்யாக்கினார்கள். இந்திரா மூன்றே ஆண்டில் கட்சியையே பிளந்து, தன்னை நிறுத்தியவர்களை வெளியே நிறுத்தினார். அவசரநிலையும் அவரிடமிருந்தே வந்தது. பெண் தலைமை என்றதும் கைதட்டிவிடுவது நம் வேலை இல்லை. எந்தக் கதவு வழியாக, எந்தக் கணக்கில் அவர் உள்ளே விடப்பட்டார் என்று கேட்பது நம் வேலை. வேறு கதவு இருந்திருந்தால் வேறு விதமான பெண்கள் வந்திருப்பார்கள். 1988இல் அ.தி.மு.க.வில் வட்டம், ஒன்றியம் என்று உழைத்துக்கொண்டிருந்த மகளிரணிப் பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு யாராவது யோசித்திருப்பார்களா?

1989 ஜனவரி தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதாவுக்குச் சேவல், ஜானகிக்கு இரட்டைப் புறா. தி.மு.க. பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. சேவலுக்கு 27 இடம், ஏறக்குறைய 21 விழுக்காடு வாக்கு. புறாவுக்கு 9 விழுக்காட்டுக்கு அருகில், இடம் ஓரிரண்டு. எம்.ஜி.ஆர் மருத்துவமனையில் படுத்துக்கொண்டே வென்ற ஆண்டிபட்டியில் ஜானகி நேரில் நின்று தோற்றார். தேர்தல் முடிந்து சில வாரங்களில் அணிகள் இணைந்தன, இலை திரும்பி வந்தது. ஜானகி அரசியலிலிருந்து விலகினார்.

அவர் விலகியதைத் தியாகம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் நெருடல் உண்டு. 1954இல் தோற்ற சி.சுப்பிரமணியம் அமைச்சரானார், பின்னர் டெல்லிக்குப் போய் உணவு அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்குப் பெயர் பெற்றார். 1969இல் தோற்ற நாவலர் அமைச்சரானார், கட்சி மாறினார், மறுபடி அமைச்சரானார், 1988இல் மறுபடி போட்டியிட்டார். அவருக்குப் பின்னாலும் அமைச்சர் பதவி காத்திருந்தது. ஆர்.எம்.வீரப்பனும் 1991இல் ஜெயலலிதா அமைச்சரவையிலேயே இடம்பெற்றார். தோற்ற ஆண்களுக்கு அடுத்த சுற்று உண்டு. தோற்ற பெண்ணுக்கு வீடு. அதற்கு நாம் வைத்த கௌரவமான பெயர் தியாகம்.

வென்ற பெண்ணுக்கும் அவை இனிக்கவில்லை. போடிநாயக்கனூரில் வென்று, 27 உறுப்பினர்களின் சட்டமன்றக் கட்சித் தலைவராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஜெயலலிதா பேரவைக்குள் முதன்முறை போனது 1989இல். மார்ச் 25 அன்று நிதிநிலை அறிக்கை நாளில் நடந்த மோதலில் தன் சேலை இழுக்கப்பட்டதாக அவர் சொன்னார். ஆளுங்கட்சி மறுத்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கு அவர் எந்தச் சட்டமன்றக் கட்சிக் கூட்டத்திலும் போட்டியை அனுமதிக்கவில்லை. பதவியை இழக்க நேர்ந்தபோதும் பெயரைச் சொன்னவர் அவரே. கூட்டம் ஏகமனதாகக் கைதட்டியது. 2001லும் 2014லும் அந்தப் பெயர் ஓ.பன்னீர்செல்வம். ஆண் இப்போது இடைக்காலம் ஆனார். பெண்ணியம் வென்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்தல் என்ற சொல்லே அந்தக் கூட்டத்திலிருந்து போய்விட்டது.

அதன் விளைவு 2017 பிப்ரவரியில் தெரிந்தது. 5ஆம் தேதி சட்டமன்றக் கட்சித் தலைவராக வி.கே.சசிகலாவின் பெயரை முன்மொழிந்தவர் பன்னீர்செல்வம். 7ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதியின் முன் கண்மூடி உட்கார்ந்து எழுந்து, தான் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொன்னார். உறுப்பினர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் வைக்கப்பட்டார்கள். 14ஆம் தேதி சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சசிகலாவின் தண்டனையை உறுதி செய்தது. அன்றே எடப்பாடி பழனிசாமி தலைவரானார். 18ஆம் தேதி தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட அவையில் 122க்கு 11 என்று வென்றார்.

சசிகலா மீதான குற்றம் நிரூபிக்கப்பட்ட குற்றம். அதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் இணையத்தில் அடிக்கடி கண்ணில் பட்ட வசை ஊழல்காரி என்பது இல்லை, ‘வேலைக்காரி’ என்பது. வேலைக்காரி முதலமைச்சரா என்று கேட்டார்கள், மீம்ஸ் போட்டார்கள். படித்தவர்கள் பகிர்ந்தார்கள். அந்தச் சொல்லை ஒரு படத்தின் தலைப்பாக்கி, வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மானத்தைப் பேசியபடி வளர்ந்த இயக்கத்தின் பெயரில்தான் இந்தக் கட்சிகள் எல்லாம் நடக்கின்றன. அந்தப் படத்தில் நடித்த ஒருவர்தான் இந்த மாநிலத்தின் முதல் பெண் முதலமைச்சர்.

ஜானகி 1996 மே மாதம் இறந்தார். அடையாற்றில் சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்தில் எம்.ஜி.ஆர், ஜானகி பெயர்களைச் சேர்த்துத் தாங்கிய மகளிர் கல்லூரி நடக்கிறது. ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் அவருக்குச் சொந்தமாக இருந்த இடத்தைக் கட்சிக்குக் கொடுத்தார். அ.தி.மு.க.வின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்த கூட்டமும் அங்கேதான் நடந்தது. 2022 ஜூலை 11 காலை, ஒற்றைத் தலைமை யாருக்கு என்ற போட்டியில், பழனிசாமி ஆதரவாளர்களும் பன்னீர்செல்வம் ஆதரவாளர்களும் அந்த வாசலில் கல்லாலும் கட்டையாலும் அடித்துக்கொண்டார்கள். கதவு உடைந்தது. வருவாய்த் துறை அதிகாரிகள் வந்து கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். மறுநாள் நாளிதழ்களில் அதற்குக் கொடுத்திருந்த தலைப்பு, தலைமைப் போட்டி.